தடுப்பு மருந்து கொடுத்த குஞ்சுகளுக்கும் கம்போரோ வந்தது ஏன்?

கேள்வி: பெருந்துறை அருகே 600 நாட்டுக்கோழிக் குஞ்சுகள் வளர்க்கிறேன். பாதி என் தாய்க்கோழிகளின் முட்டையில் பொரித்தவை, பாதி வெளியில் வாங்கியவை. 6ஆம் நாள் ராணிக்கெட் என்ற வைரஸ் நோய்க்கான எஃப்1 சொட்டு மருந்து போட்டேன். 14ஆம் நாள் கம்போரோ தடுப்பு மருந்தை மேல்தொட்டித் தண்ணீரில் கலந்து மதியம் வைத்தேன். 27ஆம் நாள் முதல் குஞ்சுகள் சிலிர்த்து உட்கார்ந்து, வெள்ளையாகக் கழிந்து சாகின்றன. நான்கு நாளில் 70 போய்விட்டன. மருத்துவர் அறுத்துப் பார்த்து கம்போரோ என்றார். சென்ற முறை வளர்த்தவை, தடுப்பு மருந்து கொடுத்தும் 7ஆவது வாரத்தில் ராணிக்கெட்டில் போயின. இனி தடுப்பு மருந்தை நம்பலாமா? மிச்சக் குஞ்சுகளுக்கு இப்போது மறுபடி கொடுக்கட்டுமா?

பதில்: முதலில் இன்று செய்ய வேண்டியது. கம்போரோ, குஞ்சுகளின் எதிர்ப்புச் சக்தியைத் தாக்கும் வைரஸ் நோய். அதைக் குணமாக்க மருந்து கிடையாது, ஆனால் பராமரிப்பால் பல குஞ்சுகளைக் காப்பாற்றலாம். சாவு பொதுவாக மூன்றாம் நான்காம் நாளில் உச்சத்துக்குப் போய், ஒரு வாரத்துக்குள் அடங்கிவிடும். நீங்கள் அந்த உச்சத்தில் நிற்கிறீர்கள். குஞ்சுகள் நீர் வற்றியும் சிறுநீரகம் கெட்டும்தான் சாகின்றன. எனவே தண்ணீர்க் குவளைகளை இரண்டு மடங்காக்கி, எலக்ட்ரோலைட் தூளோ வெல்லமோ கலந்து, படுத்திருக்கும் குஞ்சுக்கும் எட்டும் இடத்தில் வையுங்கள். இரவில் புரூடர் விளக்கை மறுபடி போட்டு வெதுவெதுப்பாக வைத்திருங்கள். மூன்று நான்கு நாளைக்குப் புரதம் மிகுந்த குஞ்சுத் தீவனத்தில் ஒரு பங்கைக் குறைத்து, உடைத்த மக்காச்சோளத்தைச் சேருங்கள். சிறுநீரகத்தின் சுமை குறையும். மருந்துக் கடையில் யாராவது சல்ஃபா, ஜென்டாமைசின் என்று கொடுத்தால் வாங்காதீர்கள். அவை வைரஸை ஒன்றும் செய்யாது. ஏற்கெனவே வீங்கியிருக்கும் சிறுநீரகத்தைத்தான் மேலும் கெடுக்கும். செத்தவற்றை ஆழக் குழி வெட்டிச் சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள். நோய் அடங்கும்வரை ஒரு குஞ்சைக்கூடச் சந்தைக்குக் கொண்டுபோகாதீர்கள். இந்த நோய் மனிதருக்கு வராது, வீட்டுப் பிள்ளைகளைப் பற்றிக் கவலை வேண்டாம்.

மருத்துவர் சொன்னதில் எனக்கும் ஐயமில்லை. வெள்ளைக் கழிச்சலைக் கண்டால் நம் ஊரில் ராணிக்கெட் என்று முடிவு கட்டிவிடுவார்கள். ராணிக்கெட் எந்த வயதிலும் வரும், மூச்சிரைப்பும் கழுத்துத் திருகலும் காட்டும். கம்போரோ பெரும்பாலும் 3 முதல் 6 வார வயதில் திடீரென்று விழும். குஞ்சு தன் எச்சத்துவாரத்தையே கொத்தும், நடுங்கும், தலை தொங்கும். அறுத்தால் தொடையிலும் நெஞ்சுக் கறியிலும் ரத்தத் திட்டுகள் தெரியும். எச்சத்துவாரத்துக்கு உள்ளே மேற்புறத்தில் பர்சா என்ற சிறிய பை இருக்கிறது. அது வீங்கி, மஞ்சள் கூழ் படிந்திருக்கும். எட்டாம் நாள் வாக்கில் அதே பை சுருங்கிச் சிறுத்துவிடும்.

அந்தப் பைதான் இந்த நோயின் இலக்கு. நோயை எதிர்க்கும் பி அணுக்களுக்கு அதுதான் நாற்றங்கால். அங்கே முதிர்ந்துதான் அவை ரத்தத்துக்கும் மண்ணீரலுக்கும் போகின்றன. 1956இல் அமெரிக்காவின் ஒஹாயோவில் புரூஸ் கிளிக் என்பவர், பர்சாவை அகற்றிய கோழிகள் எதிர்ப்புப் பொருளைச் சரியாக உருவாக்குவதில்லை என்று கண்டு வெளியிட்டார். கம்போரோ வைரஸ் செய்வதும் ஏறக்குறைய அதையேதான். கத்தி இல்லாமல் பர்சாவை அழிக்கிறது. மூன்று வார வயதுக்கு முன்பே தொற்றினால் பெரும்பாலும் குஞ்சு சாகாது, வெளியில் ஒன்றும் தெரியாது. ஆனால் அந்த அழிவு நெடுநாள் நிற்கும். அப்புறம் நீங்கள் போடும் லசோட்டா என்ற ராணிக்கெட் தடுப்பு மருந்து உடம்பில் பலமாகப் பிடிக்காது. சென்ற முறை ராணிக்கெட்டில் போனவை இப்படித்தான் போயிருக்கும் என்பது என் வலுவான சந்தேகம். அப்போது பர்சாவை யாரும் பார்க்கவில்லை என்பதால் உறுதியாகச் சொல்ல வழியில்லை. இனி எந்தக் குஞ்சு செத்தாலும் மருத்துவரிடம் பர்சாவையும் பார்க்கச் சொல்லுங்கள்.

இப்போது உங்கள் முக்கியக் கேள்வி. மருந்தைக் கொடுத்த அன்றே எதிர்ப்பு வந்துவிடுவதில்லை, வராமலே போவதும் உண்டு. தாய்க்கோழிக்கு கம்போரோ எதிர்ப்பு இருந்தால், அது மஞ்சள் கரு வழியே குஞ்சுக்கு வருகிறது. முதல் இரண்டு மூன்று வாரம் குஞ்சைக் காப்பது அதுதான். அதே எதிர்ப்பு, நாம் கொடுக்கும் உயிருள்ள தடுப்பு மருந்தையும் எதிரி என்று அழித்துவிடும். அது சுமார் 3 முதல் 5 நாளுக்கு ஒரு முறை பாதியாகக் குறைந்துகொண்டே வரும். போதிய அளவு குறைவதற்கு முன் மருந்து கொடுத்தால் மருந்து வீண். அதிகம் காத்திருந்தால் கொட்டகை வைரஸ் முந்திக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவில் இருப்பது சில நாட்கள் மட்டுமே.

ஒரே வயது தாய்க்கோழிகளின் குஞ்சுகளை வாங்கும் பெரிய பண்ணைக்கு அந்த நாளைக் கணிப்பது எளிது. உங்கள் கொட்டகையில் இரண்டு இடத்துக் குஞ்சுகள். எதிர்ப்போடு வந்தவற்றில் 14ஆம் நாள் மருந்து பிடித்திருக்காது. எதிர்ப்பே இல்லாமல் வந்தவற்றுக்கு அதற்கு முன்பே வைரஸ் ஏறியிருக்கலாம். ஒரே நாளில் ஒரே மருந்து எல்லாக் குஞ்சுக்கும் பொருந்தாமல் போனதற்கு இதுவே பெரிய காரணம். அதோடு இரண்டாவது தவணையை நீங்கள் கொடுக்கவில்லை. கம்போரோவுக்கு ஒரு தவணை போதும் என்று நாட்டுக்கோழி வளர்ப்போரிடம் பரவியிருக்கும் எண்ணம் எனக்கு மிகவும் வருத்தம் தருகிறது. முதல் தவணையில் தப்பியவற்றைப் பிடிக்கத்தான் இரண்டாவது.

கொடுத்த முறையிலும் குறை இருக்கிறது. மேல்தொட்டித் தண்ணீரில் பிளீச்சிங் பவுடர் போடும் வழக்கம் இருந்தால், மருந்தில் உள்ள வைரஸ் குஞ்சின் வாய்க்குப் போகும் முன்பே செத்திருக்கும். மதிய வெயிலும் அதைக் கொல்லும். மருந்தைக் கடையில் வாங்கும்போதே ஐஸ் போட்ட பெட்டியில் கொண்டுவாருங்கள். வீட்டில் 2 முதல் 8 டிகிரியில், குளிர்பதனப் பெட்டியின் கதவில் அல்லாமல் உள்தட்டில் வையுங்கள்.

மீதிக் குஞ்சுகளுக்கு இப்போது கம்போரோ மருந்து வேண்டாம். பிழைத்தவற்றுக்கு நோயே எதிர்ப்பைக் கொடுத்துவிடும். வேறு கொட்டகையில் நோய் காணாத 12 முதல் 15 நாள் குஞ்சுகள் இருந்தால் அவற்றுக்கு உடனே கொடுங்கள். அங்கே முதலில் போய்விட்டு, பிறகுதான் நோய்க் கொட்டகைக்குள் போக வேண்டும். பிழைத்தவற்றுக்கு ராணிக்கெட் எதிர்ப்பு குறைந்திருக்கும் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். சாவு நின்று இரண்டு மூன்று வாரம் கழித்து, அவை தேறியதும் லசோட்டா கொடுங்கள். ஆர்2பி வீரியமான ராணிக்கெட் தடுப்பு மருந்து, நொந்திருக்கும் குஞ்சுக்கு அதை அவசரப்பட்டுப் போடாதீர்கள். உடல் எடை ஏறியபின், பத்தாவது வாரம் வாக்கில் போடலாம்.

அடுத்த தொகுதிக்கு, வெளிக்குஞ்சையும் சொந்தக் குஞ்சையும் ஒன்றாகக் கலக்காதீர்கள். 6ஆம் நாள் எஃப்1, 13 அல்லது 14ஆம் நாள் கம்போரோ இன்டர்மீடியட் (நடுத்தர வீரிய) வகை, 21ஆம் நாள் லசோட்டா, 26 முதல் 28ஆம் நாளுக்குள் கம்போரோ இரண்டாம் தவணை என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கொட்டகையில் நோய் 27ஆம் நாளே வந்திருப்பதால், அடுத்த ஒரு முறைக்கு மட்டும் லசோட்டாவை 19ஆம் நாளுக்கு முன்தள்ளி, இரண்டாம் தவணையை 24ஆம் நாளே கொடுங்கள். ‘ஹாட்’ என்று சொல்லி விற்கும் வீரியமான வகையை, எதிர்ப்பில்லாத இளங்குஞ்சுக்குக் கொடுத்தால் அந்த மருந்தே பர்சாவைக் கெடுக்கும். மருத்துவர் சொல்லாமல் வாங்காதீர்கள். முடிந்தால் முதல் வாரத்தில் இருபது குஞ்சுகளின் ரத்தத்தை நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பி எதிர்ப்பின் அளவைக் காட்டும் எலைசா பரிசோதனை செய்து, மருந்து கொடுக்கும் நாளைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

600 குஞ்சுக்கு நான் சொட்டு முறையைத்தான் விரும்புகிறேன். லேபிளில் கண்ணுக்கோ வாய்க்கோ என்று சொன்னபடி ஒவ்வொன்றுக்கும் ஒரு சொட்டு. வேலை அதிகம், ஆனால் ஒரு குஞ்சும் தப்பாது. தண்ணீரில்தான் கொடுப்பீர்கள் என்றால், முந்தைய நாள் காலையில் இரண்டு மணி நேரத்தில் எவ்வளவு குடிக்கின்றன என்று அளந்துகொள்ளுங்கள். குளோரின் கலக்காத கிணற்று நீரில் லிட்டருக்கு 2 முதல் 3 கிராம் கொழுப்பு நீக்கிய பால் பவுடர் கரைத்து, கால் மணி நேரம் விட்டு, பிறகு மருந்தைக் கலக்குங்கள். அதற்கு முன் ஒரு மணி நேரம் தண்ணீரை எடுத்துவிடுங்கள். விடியற்காலையில், பிளாஸ்டிக் குவளையில் வைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் தீரும்படி பாருங்கள்.

இவை எல்லாவற்றுக்கும் முன் கொட்டகை. இந்த வைரஸ் மிகவும் கெட்டியானது. கோழி எடுத்த கொட்டகையில் 122 நாள் வரை உயிரோடு இருந்ததாக ஆய்வு உண்டு. பழைய கூளத்தை ஒரு கைப்பிடிகூட மிச்சம் வைக்காமல் அள்ளி, தொலைவில் மூடி மக்க விடுங்கள். தரையைச் சோப்புக் கரைசலால் தேய்த்துக் கழுவிக் காயவிட்டு, பிறகு குளுட்டரால்டிஹைடோ ஃபார்மலினோ அடியுங்கள். ஃபார்மலின் அடிக்கும்போது முகத்தை மூடிக்கொள்ளுங்கள். ஃபினாயிலை நம்ப வேண்டாம். கூளத்தில் ஓடும் கருப்பு வண்டு வைரஸைச் சுமந்து வைத்திருக்கும், அதை ஒழிக்காமல் கழுவுவது வீண். குறைந்தது மூன்று வாரம் கொட்டகை காலியாகக் கிடக்கட்டும்.

முட்டைக்காக வைத்திருக்கும் தாய்க்கோழிகளை மறந்துவிடாதீர்கள். புதிதாகச் சேர்க்கும் பெட்டைகளுக்கு 16 முதல் 18ஆவது வாரத்தில், முட்டையிடத் தொடங்கும் முன், எண்ணெய் கலந்த கம்போரோ தடுப்பூசி போடச் சொல்லுங்கள். அதன் பிறகு பொரிக்கும் சொந்தக் குஞ்சுகள் ஏறக்குறைய ஒரே அளவு எதிர்ப்போடு வரும். மருந்து கொடுக்கும் நாளை அப்போது மறுபடி கணிக்க வேண்டும், ஏனென்றால் 14ஆம் நாள் அவற்றுக்கு முன்கூட்டியதாக ஆகிவிடலாம்.