கொடியைப் பிடுங்கச் சொல்லாதீர்கள்

கேள்வி: கணவரைச் சார்ந்தவள் என்ற எச்-4 விசாவில் எட்டு ஆண்டுகளாக நியூ ஜெர்சியில் இருந்த என் தங்கை மகள், சென்ற மாதம் அவரை மாரடைப்பில் பறிகொடுத்துவிட்டாள். அங்கேயே பிறந்த ஏழு வயதுப் பையன் இருக்கிறான். இனி அவள் ஊர் திரும்புவதுதானே முறை?
– வாசகர், பாபநாசம்

பதில்: தங்கள் குடும்பத்தின் துயரத்தில் பங்குகொள்கிறேன். ஆனால் விசாத்தாளில் இருந்த ‘சார்ந்தவள்’ என்ற சொல்லை அவள் வாழ்க்கையின் மேலும் ஒட்டிவிட்டீர்களே, அதை என்னால் ஏற்க முடியவில்லை. இந்தச் சொல்லோடு இப்பக்கத்தில் நான் மல்லுக்கு நிற்பது முதல் முறையன்று. தங்கள் ஊருக்குப் பக்கத்தில்தான் பண்டாரவாடை, இராஜகிரி கொடிக்கால்கள் இருக்கின்றன. அகத்தி சாய்ந்துவிட்டால் அதில் படர்ந்த வெற்றிலைக் கொடியை யாரும் பிடுங்கி எறிவதில்லை. கணு ஒடியாமல் மெல்லப் பிரித்து, அடுத்த அகத்தியோடு சேர்த்து வாழைநாரால் தளர்வாகக் கட்டுவதை நின்று பார்த்திருக்கிறேன். கொடிக்கு வேர் தனியாகத்தான் இருக்கிறது.

அமெரிக்கச் சட்டத்துக்கு இந்தப் பக்குவம் பாதிதான் வந்திருக்கிறது. அந்நாட்டுக் குடிமகனை மணந்தவர், மணமாகி இரண்டு ஆண்டு நிறையும் முன் துணையை இழந்தால் நிரந்தரமாக வசிக்கும் உரிமையான கிரீன் கார்டுக்கான வழி அடைபட்டிருந்தது. 2009-இல் அதைத் திருத்தினார்கள். வேலை விசாக்காரரின் மனைவிக்கோ, கணவரின் எச்-1பி முடிகிறபோதே எச்-4 விசாவும் முடிகிறது. 2017-இல் கன்சாஸில் ஸ்ரீனிவாஸ் குச்சிபோட்லா சுட்டுக் கொல்லப்பட்டபோது, இறுதிச் சடங்குக்காக ஹைதராபாத் வந்த அவர் மனைவி சுனயனா துமாலா, தாம் வாழ்ந்த வீட்டுக்கே திரும்ப உரிமையற்றவராக நின்றார். அப்போதைய அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் கெவின் யோடர் போன்றவர்கள் தலையிட்டு உதவ வேண்டியிருந்தது.

ஆகவே, கணவரின் நிறுவனம் கிரீன் கார்டுக்காக ஐ-140 மனுப் போட்டிருந்ததா என்பதை முதலில் விசாரிக்கச் சொல்லுங்கள். அதே 2009-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, கணவர் இறந்த அன்று அங்கே குடியிருந்து, தொடர்ந்தும் அங்கேயே குடியிருக்கும் மனைவி, அந்த மனுவின் பலனைக் கேட்டுப் பெற வழியுண்டு. இந்தியாவில் பிறந்தவர்களுக்கான வரிசை மிக நீளம் என்பதால், முறை வரும்வரை மாணவர் விசாவோ சொந்த வேலை விசாவோ அவள் தேடிக்கொள்ள வேண்டியிருக்கும். பையன் பிறப்பால் அமெரிக்கக் குடிமகன் என்றாலும், தாய்க்காக மனுச் செய்ய அவனுக்கு 21 வயதாக வேண்டும்; அதற்கு இன்னும் 14 ஆண்டுகள் இருக்கின்றன.

காரியத்துக்கு வந்தே தீர வேண்டும் என்று அவளை நெருக்குவோரில் தாங்களும் ஒருவராக இருந்தால், தயவுசெய்து நிறுத்துங்கள். குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரைப் பார்க்காமல் அவள் விமானம் ஏறினால், திரும்பிச் செல்ல விசா கிடைக்காமல் போகலாம். எது முறை என்று என்னைக் கேட்டு எழுதியிருக்கிறீர்கள்; அவள் என்ன நினைக்கிறாள் என்பது தங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. இன்றிரவே தொலைபேசியில் அழைத்து அவளைக் கேளுங்கள்.