கிளாஸ்கோவுக்கு ஒரு நாள் போதுமா?

ஸ்காட்லாந்தில் எடின்பரோவில் தங்கிக்கொண்டு நடுவில் ஒரே ஒரு நாள் கிளாஸ்கோ போய்வந்தால் போதுமா, அங்கே பார்க்க அப்படி என்ன இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். என்னைக் கேட்டால் ஒரு ராத்திரியாவது அங்கே தங்குங்கள். ரயிலில் ஒரு மணி நேரம்கூட ஆகாது என்பதால் பலரும் காலையில் போய் சாயங்காலமே திரும்பிவிடுகிறார்கள், ஆனால் அந்த ஊர் களைகட்டுவதே இருட்டிய அப்புறம்தான்.

பகலில் முதலில் கெல்விங்ரோவ் அருங்காட்சியகம். 1901-இல் திறந்தது, நுழைவு இலவசம். பாடம் செய்த யானை ஒன்று நிற்கும், அதன் தலைக்கு மேலே நிஜமான ஸ்பிட்ஃபயர் போர் விமானம் தொங்கும், யார் யோசனையோ தெரியாது, எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஸ்பானிய ஓவியர் சால்வதோர் தாலி வரைந்த சிலுவை ஓவியமும் இங்கேதான் இருக்கிறது. 1952-இல் நகரசபை 8,200 பவுண்டு கொடுத்து அதை வாங்கியபோது வீண் செலவு என்று ஊரில் ஒரே சத்தம், கலைக்கல்லூரி மாணவர்களே எதிர்த்து மனு கொடுத்தார்கள். இப்போது ஊரே பெருமைப்படும் சொத்து அது. மதியம் ஒரு மணிக்கு (ஞாயிறு என்றால் மூன்று மணிக்கு) நடுக்கூடத்தில் ஆர்கன் வாசிப்பார்கள், அந்த நேரத்துக்குப் போய்ச் சேருங்கள்.

அப்புறம் கிழக்குப் பக்கம் பழைய கதீட்ரல். அதை ஒட்டியே செயின்ட் மங்கோ அருங்காட்சியகம், எல்லா மதங்களுக்கும் பொதுவானது, உள்ளே நம் நடராஜர் வெண்கலச் சிலையும் உண்டு. கதீட்ரலுக்குப் பின்னால் இருக்கும் குன்று முழுக்கக் கல்லறைகள், நெக்ரோபோலிஸ் என்பார்கள். விக்டோரியா காலத்துப் பணக்காரர்கள் செத்த பிறகும் போட்டி போட்டுக்கொண்டு கட்டிய மண்டபங்கள், மேலே ஏறினால் நகரம் முழுவதும் தெரியும், அடிவாரத்திலேயே பியர் ஆலை.

வழியில் நவீனக் கலைக்கூடத்தின் வாசலில் குதிரை மேல் வெலிங்டன் பிரபு சிலை. தலையில் சாலைத் தடுப்புக் கூம்பு. எடுத்தால் மறுபடி யாராவது ராத்திரியில் ஏறி வைத்துவிடுவார்கள், 2013-இல் பீடத்தை உயர்த்தி இதைத் தடுக்கலாம் என்று நகரசபை யோசித்தபோது மக்கள் கொதித்துப்போய், திட்டமே கைவிடப்பட்டது. ஊரின் குணம் தெரிய இது ஒன்று போதும்.

சாயங்காலம் பாட்டு. 2008-இல் யுனெஸ்கோ இசை நகரம் என்று அறிவித்த ஊர் இது. பாரோலேண்ட் அரங்கில் நீங்கள் போகும் தேதியில் என்ன நிகழ்ச்சி என்று முன்கூட்டியே பார்த்து டிக்கெட் எடுத்துவிடுங்கள், கிடைக்கவில்லையென்றால் கிங் டட்ஸ் மாதிரி சின்ன இடம் போதும், 1993-இல் ஒயாசிஸ் ராக் இசைக்குழு கண்டெடுக்கப்பட்டதே அங்கேதான். சாப்பாட்டுக்கு ஹேகிஸ் பக்கோடா கேளுங்கள், ஆமாம், பக்கோடாவேதான். ஆட்டு ஈரல் நுரையீரல் கலவை, சைவமாக வேண்டுமென்றால் அதுவும் கிடைக்கும்.

சுற்ற சப்வே என்ற சுரங்க ரயில் இருக்கிறது, 1896-இல் ஓடத் தொடங்கியது, ஒரே வட்டம், 15 நிலையங்கள், தவறான பக்கம் ஏறினாலும் சுற்றி வந்து சேர்ந்துவிடுவீர்கள். பிள்ளைகள் கூட வந்தால் மறுநாள் காலை போலக் பூங்கா. அங்கே பரல் கலைக்கூடமும் இலவசம், ஆனால் பிள்ளைகளுக்கு நெற்றி மறைக்க முடி வளர்ந்த ஹைலாண்ட் மாடுகள்தான் பிடிக்கும். குடையை விட்டுவிட்டு, தொப்பி வைத்த மழைக்கோட்டு எடுத்துப்போங்கள், அந்தக் காற்றில் குடை நிற்காது.