வைத்தியர் பதில்: வேனுக்கு வாக்ஸ் பூசிய பின் தோள்வலி

கேள்வி: ஹற்றனில் வாடகை வேன் ஓட்டுகிறேன். வயது 46. மாதம் ஒரு முறை வேனைக் கழுவி, கையாலேயே பொலிஷ் போட்டு வாக்ஸ் பூசுவேன். அதன் பின் இரண்டு மூன்று நாட்களுக்கு வலது கையைத் தூக்க முடிவதில்லை. இரவில் விரல்களும் மரத்துப்போகின்றன. மெஷின் வாங்கினால் சரியாகுமா?

பதில்: நேரில் சோதிக்காமல் உறுதியாகக் கூற இயலாது எனினும், தோள்மூட்டின் உச்சியில் எலும்புகளுக்கிடையே செல்லும் தசைநார் அழற்சியடைந்திருப்பதாகவே தோன்றுகிறது. கையைத் தோள் மட்டத்துக்கு மேல் உயர்த்தி ஒரே அசைவை நெடுநேரம் செய்யும்போது அத்தசைநார் நெரிபடுகிறது. வேனின் கூரையோ ஆளுயரத்துக்கு மேல் இருக்கிறது. ஆகவே கூரையைத் துடைக்கையில் அகலமான, ஆடாத படியொன்றில் ஏறி நின்று, கை நெஞ்சளவில் இயங்குமாறு பார்த்துக்கொள்ளுங்கள். சரிவான முற்றத்தில் ஸ்டூல் போட்டு ஏறுவது நம் பகுதியில் வழக்கம்தான். தோள்வலிக்கு வந்தவர் மறுமுறை மணிக்கட்டு முறிந்து வருவதும் அவ்வாறுதான். கதவின் அடிப்பகுதிக்குக் குனியாமல், சிறு முக்காலியில் உட்கார்ந்து வேலை செய்யுங்கள்.

பொலிஷில் நுண்ணிய தேய்பொருள் உண்டு. அதற்கு அழுத்தம் வேண்டும். வாக்ஸ் வெறும் காப்புப் படலம் என்பதால், மெல்லியதாகப் பூசினால் போதும். மாதந்தோறும் பொலிஷ் போடுவதால் உங்கள் தோளோடு வேனின் மேற்பூச்சும் தேய்கிறது. மங்கல் தெரியும்போது மட்டும் போடுங்கள். மலையகத்தின் குளிரிலும் ஈரக்காற்றிலும் வாக்ஸ் காயத் தாமதமாகும். காயாததை அழுத்தித் துடைப்பதில்தான் பெரும்பாலான உழைப்பு வீணாகிறது என்பதால், விரலால் தொட்டு, இழுபடாமல் தூளாக வந்த பின்னரே துடையுங்கள். துணியை விரல்களால் இறுகப் பிடிக்காமல், மடித்து உள்ளங்கையின் கீழ் விரித்து வைத்துக்கொண்டு, கைகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள். ஒரே நாளில் முழு வேனையும் முடிக்க வேண்டியதில்லை.

மெஷின் தோளின் சுமையைக் குறைக்கும். எனினும் அதன் அதிர்வு விரல் மரப்பை அதிகரிக்கக்கூடும். பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் ஆகியவை இரவில் மரத்தால், மணிக்கட்டில் நரம்பு அழுத்தப்படுகிறது என்று ஐயுறலாம். ஸ்டியரிங்கை நாள் முழுதும் இறுகப் பிடிப்பதும் அதற்குத் துணைபோகிறது. அதனை முதலில் பரிசோதித்துவிட்டு மெஷினை யோசியுங்கள். ஏற்கெனவே வாங்கிவிட்டால் தளர்வாகப் பிடித்து, இடையிடையே நிறுத்தி, கைகளைக் குளிர்படாமல் வைத்திருங்கள். குளிரில் விரல்கள் வெளுத்தால் அன்றே அதனை விட்டுவிட வேண்டும்.

இரத்தத்தில் சீனியின் அளவையும் பாருங்கள். தோள் இறுக்கமும் இந்த நரம்பு அழுத்தமும் நீரிழிவு உள்ளவர்களிடம் அதிகம். வலிக்குச் சில நாட்கள் பரசிட்டமோல் போதும். டைக்குளோஃபினாக் மாத்திரைகளை மாதக்கணக்கில் தாமாகவே வாங்கி விழுங்குவோரை நான் அடிக்கடி காண்கிறேன். அவை இரைப்பையையும் சிறுநீரகத்தையும் பாதிக்கக்கூடியவை. மூன்று வாரங்களில் வலி தணியாவிட்டால், அல்லது கை வலுவிழந்தால், கிளினிக்குக்கு வாருங்கள். தோள்வலியுடன் நெஞ்சில் இறுக்கமும் வியர்வையும் சேர்ந்து வந்தால், வாக்ஸ் பூசியதால் வந்த வலி என்று எண்ணிக் காத்திராமல் உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். வேனை வேறொருவர் ஓட்டட்டும்.