லுத்தரன் ஆராதனை மெட்டுகள் மதுக்கடையிலிருந்து வந்தவையா?

'லுத்தர் மதுக்கடைப் பாட்டுகளின் மெட்டை எடுத்துத்தான் ஆராதனைக்குப் போட்டார் என்கிறார்களே, நிஜமா?' என்று கேட்டிருக்கிறீர்கள். பதினாறாம் நூற்றாண்டில் ஜெர்மனியில் திருச்சபையைச் சீர்திருத்திய மார்ட்டின் லுத்தரைப் பற்றிய இந்தப் பேச்சு நிஜமில்லை. பல வருடம் பாடகர் குழுவில் நின்று பாடியவன் நான். இந்தக் கதையைக் கேட்கும்போதெல்லாம் மனசு வலிக்கும்.

முக்கியமான மெட்டுகள் பலவற்றுக்கும் தாய்வீடு பழைய லத்தீன் திருப்பலிப் பாட்டு. 'உன்னதத்தில் தேவனுக்கு மகிமை' என்ற பகுதிக்கு ஜெர்மானியர் பாடும் 'அல்லைன் காட் இன் டெர் ஹோ'வையே பாருங்கள். 1520களில் நிக்கோலாஸ் டேசியுஸ் செய்தது. ஈஸ்டர் காலத்தில் துறவிகள் தாளக்கட்டு இல்லாமல் பாடிவந்த மெட்டை எடுத்து, அதன் போக்கை விடாமல், சபையே சேர்ந்து பாடும்படி சீரான அடிகளாக்கினார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள், உறவு தெரிந்துவிடும்.

லுத்தருக்குப் பெரிய கவலை வேறு. லத்தீன் மெட்டை அப்படியே வைத்துக்கொண்டு ஜெர்மன் வார்த்தைகளைத் திணித்தால் அது குரங்கு பார்த்துச் செய்வது போல ஆகிவிடும். சொல், அழுத்தம், மெட்டு எல்லாமே தாய்மொழியிலிருந்து வர வேண்டும் என்று 1525-ல் எழுதினார். அதே வருடம் யோஹான் வால்ட்டர், கான்ராட் ரூப்ஷ் என்ற இரண்டு இசைக்காரர்களைத் தான் இருந்த விட்டன்பர்க் ஊருக்கு வரவழைத்து, ஜெர்மன் மொழி ஆராதனைக்கு இசை அமைக்க உட்கார்ந்தார். வால்ட்டர் பிற்பாடு எழுதிவைத்த ஒரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். கிறிஸ்து அன்பான ஆண்டவர், அவர் வார்த்தைகள் இனிமையானவை, அதனால் சுவிசேஷத்துக்கு ஆறாம் தொனி (தொனி என்றால் வேதவாசிப்பை இசையோடு ஓதும் பழைய மெட்டு வகை). பவுல் கண்டிப்பான அப்போஸ்தலர், அதனால் நிருபத்துக்கு எட்டாம் தொனி என்றாராம் லுத்தர். வாசிப்பவருடைய குணத்துக்கு அல்ல, வசனத்தின் குணத்துக்கு மெட்டு! அந்த ஜெர்மன் ஆராதனை முறைமை 1526-ல் அச்சானது.

சரி, ஊர்ப்பாட்டே கலக்கவில்லையா? கலந்தது. 'ஃபாம் ஹிம்மெல் ஹோ' என்ற கிறிஸ்துமஸ் பாட்டு 1535-ல் வந்தபோது, இளைஞர்கள் விடுகதை போட்டுப் பாடும் ஒரு பாட்டின் மெட்டில்தான் இருந்தது. 1539-ல் அதற்குப் புது மெட்டு வந்துவிட்டது. அப்புறம், முதல் மெட்டை இரண்டு முறை பாடி மூன்றாவதாக வேறு மெட்டுக்குப் போகும் அமைப்புக்கு ஜெர்மனில் 'பார்' என்று பெயர். மதுக்கடைக் கதை இந்தச் சொல்லிலிருந்து கிளம்பியிருக்கலாம்.

லுத்தருடைய கவலை நமக்கும் புரியும். ஜெர்மன் மெட்டுக்கு மொழிபெயர்த்த ஞானப்பாட்டுகளில் நம் குறிலும் நெடிலும் எத்தனை இடத்தில் இழுபடுகின்றன! தமிழிலேயே எழுதிய தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியாரின் கிறிஸ்தவக் கீர்த்தனையைப் பாடும்போதோ வார்த்தை தானாக மெட்டில் உட்கார்ந்துவிடுகிறது.