காசிமேட்டுக்கு மேலே ஒரு விண்கலம்: ஆயில் பெயிண்டிங் கேள்வி–பதில்

கேள்வி: காசிமேடு துறைமுகத்துக்கு மேல் ராட்சத விண்கலம் மிதப்பதுபோல் ஆயிலில் வரைந்தேன். பென்சிலில் பிரமாண்டமாக இருந்தது, வண்ணம் தீட்டியதும் பொம்மையாகிவிட்டது. ஏன்?
– வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: அளவையும் வெளிச்சத்தையும் சரிபாருங்கள், வண்ணம் பிறகு. விசைப்படகை 15 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 150 மீட்டர் கலம் அதே தூரத்தில் பத்துப் படகு நீளம் வரவேண்டும். தள்ளிப் போனால் சிறுக்கும். கூடவே வெளுக்கவும் வேண்டும். கடலோரக் காற்றில் ஈரம் அதிகம் என்பதால் தூரத்துக் கறுப்பு நீலம் கலந்த சாம்பலாகிவிடும். முன்னால் நிற்கும் படகின் நிழலும் கலத்தின் நிழலும் ஒரே கறுப்பாக இருந்தால், கலம் படகின் தலைக்கு மேலேயே தொங்கும். (நிலவில் இறக்கினால் கதை தலைகீழ். காற்றே இல்லாததால் தூரத்து மலையும் காலடிக் கல்லும் ஒரே கூர்மை.)

காசிமேட்டுக் கரையில் நின்று கடலைப் பார்த்தால் கிழக்கு. விடியற்காலைக் காட்சி என்றால் சூரியன் கலத்துக்குப் பின்னால் இருக்கும்: நமக்குத் தெரிகிற பக்கம் முழுக்க நிழல், விளிம்பில் மெல்லிய ஒளிக்கோடு, அடிவயிற்றில் தண்ணீரிலிருந்து எகிறும் ஆரஞ்சு. இதையெல்லாம் மனக்கணக்காகப் போட்டால் எங்கேயாவது இடிக்கும். அட்டை, தெர்மக்கோல், காலி ஷாம்பு பாட்டில், பேனா மூடி என்று கிடைத்ததை ஒட்டி ஒரு மாதிரி செய்து, முழுக்கச் சாம்பல் நிற அக்ரிலிக் (தண்ணீரில் கரையும் வண்ணம்) அடியுங்கள். ஸ்பிரே பெயிண்ட் வேண்டாம், தெர்மக்கோலைக் கரைத்துவிடும். கீழே தண்ணீருக்குப் பதில் எவர்சில்வர் தட்டு. அறையை இருட்டாக்கி, ஒரே ஒரு மேஜை விளக்கைச் சூரியனாக வைத்து, மொபைலைத் தட்டின் மட்டத்துக்கு இறக்கிப் படமெடுங்கள். படத்தில் பின்பகுதி மங்கலாக விழுந்திருந்தால் அந்த மங்கலை அப்படியே வரையாதீர்கள். கிட்டத்தில் எடுத்த சின்னப் பொருள் என்பதை அதுதான் காட்டிக்கொடுக்கும்.

பிறகு போஸ்ட்கார்டு அளவில் கறுப்பு, சாம்பல், வெள்ளை மூன்றே தொனியில் ஒரு முன்னோட்டம். அது நிற்காவிட்டால் கேன்வாஸைத் தொடவே வேண்டாம். ஜன்னல், ஆணி, குழாய் எல்லாம் ஓரிரு இடத்தில் பொடியாகக் குவியட்டும், மிச்சம் வெறுமையாகக் கிடக்கட்டும். ஆணி பெரிதானால் கலம் சிறிதாகும்.

கேள்வி: லின்சீட் ஆயில் கிடைக்கவில்லை என்று தேங்காய் எண்ணெய் கலந்தேன். மூன்று வாரமாகப் பிசுபிசுக்கிறது. மழைக்காலம் என்பதாலா?
– வாசகர், எண்ணூர்

பதில்: மழை கொஞ்சம் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். ஆயில் வண்ணம் ஈரத்துணிபோல் ஆவியாகி உலர்வதில்லை. லின்சீட், அதாவது ஆளிவிதை எண்ணெய், காற்றிலுள்ள ஆக்ஸிஜனை இழுத்து இறுகுகிறது. தேங்காய் எண்ணெய்க்கு அந்தக் குணம் கிடையாது, எத்தனை மாதமானாலும் காயாது. சுரண்டி எடுத்துவிட்டு, புது கேன்வாஸில் தொடங்குங்கள்.

முதல் பூச்சு டர்பெண்டைன் மட்டும் கலந்து மெலிதாக. இரண்டாவது டியூபிலிருந்து வந்தபடியே. கடைசிப் பூச்சுக்கு ஒரு பங்கு லின்சீட், இரண்டு பங்கு டர்பெண்டைன் கலந்த கலவையில் சில சொட்டு. வரிசை மாறி எண்ணெய் அதிகமானது அடியில் போனால், மேல் பூச்சு முதலில் இறுகி, அடிப் பூச்சு பிறகு அசையும்போது வெடிக்கும். ஐவரி பிளாக் என்ற கறுப்பு மெதுவாகக் காயும், அதை அடியில் போடாதீர்கள். பர்ன்ட் அம்பர் என்ற அடர்பழுப்பு சீக்கிரம் காயும், அடிப் பூச்சுக்கு அதுவே தோது.

கேள்வி: விண்வெளிக் கறுப்பு செத்துப்போய்த் தெரிகிறது. இன்ஜின் நெருப்பும் ஒளிரவில்லை.
– வாசகர், வியாசர்பாடி

பதில்: அல்ட்ராமரின் புளூவும் பர்ன்ட் அம்பரும் கலந்தால் ஆழமான கறுப்பு வரும், நீலமாகவோ பழுப்பாகவோ சாய்க்கவும் முடியும். காய்ந்தபின் திட்டுத்திட்டாக மங்கினால், எண்ணெயை அடிப்பூச்சு குடித்துவிட்டது என்று அர்த்தம். அங்கே லின்சீடை மிக மெலிதாகத் தேய்த்து, உபரியைத் துடைத்துவிடுங்கள்.

நெருப்புக்கு வெள்ளையை அப்பாதீர்கள். நடுவில் மட்டும் ஒரு துளி வெள்ளை, சுற்றிப் பளிச்சென்ற மஞ்சள், அதைச் சுற்றி ஆரஞ்சு. படத்தில் வேறெங்கும் அவ்வளவு வெளிச்சம் இருக்கக்கூடாது. நட்சத்திரத்துக்குப் பழைய டூத்பிரஷ், டர்பெண்டைனில் நீர்த்த டைட்டானியம் ஒயிட்; பின்னணி நன்றாகக் காய்ந்தபிறகு, கலத்தைக் காகிதத்தால் மூடிவிட்டுத் தெறியுங்கள்.

கேள்வி: ஒற்றை அறை வீடு. டர்பெண்டைன் நெடி தாங்கவில்லை. வழி உண்டா?
– வாசகி, கொருக்குப்பேட்டை

பதில்: முதல் பூச்சை அக்ரிலிக்கில் முடித்து, காய்ந்தபின் ஆயிலுக்கு மாறுங்கள். ஆயில்மேல் அக்ரிலிக் மட்டும் கூடாது, உரிந்துவரும். பிரஷ்ஷை லின்சீடில் அலசித் துடைத்து, சோப்புப் போட்டுக் கழுவினால் டர்பெண்டைன் தேவைப்படாது. ஆனால் அந்தத் துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். லின்சீட் ஊறிய துணி தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். விரித்து வெளியே காயப்போடுங்கள், அல்லது தண்ணீர் ஊற்றிய தகர டப்பாவில் அமுக்கி மூடிவையுங்கள்.