டயாலிசிஸுக்குப் போக ஒரு வண்டி: மானியம் பற்றிக் கேள்வி பதில்

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், பெருநிலப் பகுதியான செபராங் பிறையில் நோயாளிகளை மருத்துவமனைக்கும் டயாலிசிஸ் மையத்துக்கும் ஏற்றிச் செல்லும் சிறிய சங்கம் ஒன்றில் 11 ஆண்டுகளாக இருக்கிறேன். விண்ணப்பம் எழுதுவது, கணக்கு முடிப்பது, ஓட்டுநர் வராத நாளில் வண்டியை எடுப்பது எல்லாம் என் வேலை. மானியம் பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள். என்னால் முடிந்தவரை பதில் எழுதுகிறேன்.

கேள்வி (புக்கிட் மெர்தாஜாம், கோயில் நிர்வாகக் குழு உறுப்பினர்): அக்கா, நோயாளிகளுக்காக எங்கள் கோயில் ஒரு வேன் வாங்க நினைக்கிறது. வேன் வாங்க மானியம் யார் தருவார்கள்?

பதில்: வேன் வாங்கித் தர ஆள் இருக்கிறார்கள் தம்பி. நிறுவனங்களுக்கு வேன் பிடிக்கும். பக்கவாட்டில் பெயர் எழுதலாம், சாவி கொடுத்துப் படம் எடுக்கலாம். எங்களுக்குக் கிடைத்த முதல் மானியமும் ஒரு புத்தம் புதிய வேன்தான். மாலை போட்டு, தேங்காய் உடைத்து, எலுமிச்சம்பழத்தை நசுக்கி எடுத்தோம். ஆனால் ஓட்டுநர் சம்பளத்துக்கு அந்த மானியத்தில் ஒரு சென்கூட இல்லை. தொண்டூழியர்கள் மாறி மாறி ஓட்டினார்கள். மூன்றாவது மாதம் இருவர் மிஞ்சினார்கள். ஆறாவது மாதம் வேன் தார்ப்பாய்க்குள் போய்விட்டது. அப்போது எங்கள் பட்டியலில் இருந்த ஓர் அம்மா வாரத்துக்கு இரண்டு முறைதான் டயாலிசிஸுக்குப் போய்க்கொண்டிருந்தார். மூன்றாவது முறைக்கு அவரிடம் வண்டிக்காசு இல்லை. தார்ப்பாய் போர்த்திய வேன் அவர் வீட்டிலிருந்து நான்கு கிலோமீட்டர் தூரத்தில் நின்றுகொண்டிருந்தது. அதை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை.

அதனால் பயணத்துக்குப் பணம் கேளுங்கள். ஓட்டுநர், டீசல், காப்புறுதி, டயர், தொலைபேசியை எடுத்துப் பேசும் ஆள்: இவற்றுக்குக் குறைந்தது இரண்டு ஆண்டுப் பணம் உறுதியான பிறகு எந்த வேன் என்று யோசிக்கலாம். பழைய வேனாக இருந்தாலும் குறைவில்லை. உங்கள் கோயில் பினாங்கு இந்து அறப்பணி வாரியத்தின் கீழ் வருவதாக இருந்தால் முதலில் வாரியத்திடம் பேசிவிடுங்கள். வண்டி யார் பெயரில் பதிவாகிறது என்பது பின்னால் தகராறு ஆகக்கூடாது.

கேள்வி (பாயான் லெப்பாஸ்): அரசாங்கக் கிளினிக்கில் கட்டணம் 1 வெள்ளி (ரிங்கிட்), நிபுணரைப் பார்க்க 5 வெள்ளி. வைத்தியம் இவ்வளவு மலிவாக இருக்கும்போது இதற்குத் தனி மானியம் எதற்கு?

பதில்: வைத்தியம் மலிவுதான் ஐயா. பாலிக் புலாவிலிருந்து பொது மருத்துவமனைக்கு வாடகை வண்டியில் வந்து திரும்பும் செலவை ஒரு முறை கேட்டுப் பாருங்கள். 5 வெள்ளி கட்டணத்தைக் கட்ட முடிந்தவர்கள் வந்து சேர முடியாமல் வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். நான் பேசுவது அவர்களைப் பற்றி.

கேள்வி (பிறை, சங்கச் செயலாளர்): ஒரு வேனை ஓட்ட ஆண்டுக்கு எவ்வளவு ஆகும்? விண்ணப்பத்தில் எப்படிக் காட்டுவது?

பதில்: நான் எழுதும் முறையையே சொல்கிறேன். டயாலிசிஸ் வாரத்துக்கு 3 முறை, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 4 மணி நேரம். ஒரு நோயாளி ஆண்டுக்கு 156 முறை போய்வர வேண்டும். திங்கள், புதன், வெள்ளிக்கு 6 பேர். செவ்வாய், வியாழன், சனிக்கு வேறு 6 பேர். 12 பேருக்கு 1,872 போய்வரும் பயணங்கள்.

ஓட்டுநருக்குக் குறைந்தபட்சச் சம்பளமான 1,700 வெள்ளியைக் கொடுத்தாலே ஆண்டுக்கு 20,400 வெள்ளி. அதன்மேல் முதலாளி கட்டும் ஊழியர் சேமநிதி (இபிஎஃப்) 13 விழுக்காடு, 2,652. நாளுக்கு 100 கிலோமீட்டர் வீதம் 312 நாள், லிட்டருக்கு 10 கிலோமீட்டர் ஓடினால் 3,120 லிட்டர் டீசல், லிட்டர் 3.35 வெள்ளி என்று வைத்தால் 10,452. காப்புறுதி, சாலை வரி, சர்வீஸ், டயர் எல்லாம் சேர்த்து நான் 6,500 போடுவேன். நோயாளிகளோடு பேசி நேரம் ஒழுங்கு செய்பவருக்கு மாதம் 500 வீதம் 6,000. மொத்தம் 46,004 வெள்ளி. ஒருவர் ஒரு முறை போய்வர 24 வெள்ளி 57 சென். தொழிலாளர் சமூகப் பாதுகாப்புக்கான சொக்சோ சந்தா இதில் இல்லை. அதைத் தனியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இந்த 24 வெள்ளி 57 சென்னை விண்ணப்பத்தின் முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். மானியம் தருபவர் கையில் பிடித்துப் பார்க்கக்கூடிய எண் அது. இதே வேனில் 12 பேருக்குப் பதில் 8 பேர்தான் ஏறினால் அது 36 வெள்ளி 86 சென்னாக உயர்ந்துவிடும். காலி இருக்கை எவ்வளவு விலை உயர்ந்தது என்பது அப்போது புரியும்.

இரண்டு எச்சரிக்கைகள். 2024 ஜூன் 10-ஆம் தேதி தீபகற்பத்தில் டீசல் விலை 2.15 வெள்ளியிலிருந்து ஒரே நாளில் 3.35 வெள்ளிக்கு ஏறியது. நாங்கள் அந்த ஆண்டின் செலவு மதிப்பீட்டை அதற்கு முன்பே கொடுத்துவிட்டோம். மீதி மாதங்களை எப்படி ஓட்டினோம் என்று எங்களுக்குத்தான் தெரியும். எதிர்பாராச் செலவு என்று ஒரு வரி கட்டாயம் இருக்கட்டும். அடுத்தது பாலம். பெருநிலத்திலிருந்து தீவுக்குப் போகும்போதுதான் டோல்; திரும்பும்போது இல்லை. 2021 தொடக்கத்திலிருந்து ஃபெரியில் கார், வேன் ஏற்றுவதில்லை என்பதால் வேனுக்குப் பாலத்தை விட்டால் வழியில்லை. டோலை மறந்துவிட்டு எழுதிய விண்ணப்பங்களை நான் பார்த்திருக்கிறேன்.

கேள்வி (ஆயர் ஈத்தாம்): அம்மாவுக்கு வயது 57, மார்பகப் புற்றுநோய். பொது மருத்துவமனையில் சிகிச்சை தொடங்கப் போகிறது. சங்கம் எதுவும் எங்கள் பக்கத்தில் இல்லை. வண்டிச் செலவுக்கு நேரடியாக உதவி கிடைக்குமா?

பதில்: கிடைக்கும் தங்கச்சி. அம்மாவோ அப்பாவோ, வருமானம் குறைந்தவர்களுக்கு அரசாங்கம் தரும் எஸ்டிஆர் உதவித்தொகை பெறுகிறார்களா என்று முதலில் பாருங்கள். பெற்றால் பெக்கா பி40 என்ற அரசாங்கச் சுகாதாரத் திட்டத்தில் அம்மாவுக்கு இடம் உண்டு. 40 வயதும் அதற்கு மேலும் உள்ள எஸ்டிஆர் பெறுநர்களுக்கும் அவர்களின் கணவன் அல்லது மனைவிக்கும் 2019-இல் தொடங்கிய திட்டம் அது. சுகாதார அமைச்சின் மருத்துவமனையில் புற்றுநோய்ச் சிகிச்சையை முடிப்பவர்களுக்கு 1,000 வெள்ளி ஊக்கத்தொகை தருகிறார்கள். போக்குவரத்துக்கென்று தனியாகத் தீபகற்பத்தில் 500 வெள்ளி வரை, சபா, சரவாக், லாபுவானில் 1,000 வெள்ளி வரை உண்டு. மருத்துவமனையில் பெக்கா பி40 பற்றிக் கேளுங்கள். சிகிச்சை தொடங்கும் முன்பே கேளுங்கள். யாராவது வந்து சொல்வார்கள் என்று காத்திருந்து இந்தத் தொகையை விட்டவர்கள் நிறையப் பேர்.

டயாலிசிஸ் பயணத்துக்கு இந்தத் தொகை கிடையாது. எங்களைப் போன்ற சங்கங்கள் அங்கேதான் தேவைப்படுகின்றன.

கேள்வி (பட்டர்வொர்த்): ஒரு பயணத்துக்கு 5 வெள்ளி வாங்கினால் மானியமே தேவைப்படாதே?

பதில்: வேண்டாம். கூலி வாங்கிக்கொண்டு ஆள் ஏற்றினால் 2010-ஆம் ஆண்டின் தரைப் பொதுப் போக்குவரத்துச் சட்டம் வந்துவிடும். அதற்கு உரிமம் வேண்டும். சொந்த வாகனக் காப்புறுதியும் அந்தப் பயணத்தில் கைகொடுக்காது. உள்ளே நான்கு நோயாளிகள் இருக்கும்போது விபத்து நடந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். குடும்பத்தார் விரும்பிச் சங்கத்துக்கு நன்கொடை தந்தால் ரசீது போட்டு வாங்குங்கள். எந்தப் பயணத்தோடும் அதை முடிச்சுப் போடாதீர்கள்.

கேள்வி (கோலாலம்பூர், செந்தூல்): 2023 மார்ச்சிலிருந்து கோலாலம்பூர் மருத்துவமனை அருகிலேயே எம்ஆர்டி ரயில் நிலையம் இருக்கிறது. எங்கள் பக்கம் இப்படி ஒரு சேவை தேவையா?

பதில்: கால் நன்றாக இருப்பவருக்கு அந்த நிலையம் பெரிய வரம். உங்கள் வட்டாரத்தில் அடுக்குமாடியின் நான்காவது மாடியில் சக்கர நாற்காலியோடு இருப்பவர்கள் எத்தனை பேர், மின்தூக்கி ஓடுகிறதா என்று விசாரியுங்கள். வீட்டு வாசலிலிருந்து ரயில் நிலையம் வரை உள்ள தூரத்தைத்தான் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. அதற்கு மட்டும் மானியம் கேட்டாலே போதும்; தொகையும் சிறியது.

கேள்வி (ஜார்ஜ் டவுன்): எங்கே விண்ணப்பிப்பது? என்னென்ன தாள்கள் வேண்டும்?

பதில்: இந்தியர் நலனுக்கான அரசாங்க அமைப்பான மித்ரா, அரசாங்க முதலீட்டு நிறுவனமான கசானாவின் அறவாரியமான யாயாசான் ஹசானா, உங்கள் தொகுதிச் சட்டமன்ற உறுப்பினரின் ஒதுக்கீடு, தொழிற்பேட்டை நிறுவனங்களின் சமூகநல நிதி. தமிழ் முஸ்லிம் நோயாளிகள் ஜக்காத் அலுவலகத்தையும் அணுகலாம். எல்லா இடத்துக்கும் ஒரே விண்ணப்பத்தை அனுப்பாதீர்கள்; ஒவ்வொருவரும் எதற்குத் தருகிறார்கள் என்பதைப் படித்துவிட்டு எழுதுங்கள்.

தாள்களில் பெரும்பாலான சங்கங்கள் தடுக்கி விழுவது ஆண்டு அறிக்கையில். பொதுக்கூட்டம் முடிந்து 60 நாளுக்குள் சங்கப் பதிவிலாகாவுக்கு அனுப்பியிருக்க வேண்டும். மூன்று ஆண்டு அறிக்கையை அனுப்பாமல் வைத்துக்கொண்டு, மானிய விண்ணப்பத்தின் கடைசி நாளுக்கு முன் எனக்குத் தொலைபேசி செய்கிறார்கள். அப்போது நான் ஒன்றும் செய்ய முடியாது. தணிக்கை செய்த கணக்கு, சங்கத்தின் பெயரில் வங்கிக் கணக்கு ஆகியவையும் தயாராக இருக்கட்டும். வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவில் அங்கீகாரம் பெற முடிந்தால் நன்கொடையாளருக்கு வரிக்கழிவு கிடைக்கும். நிறுவனங்கள் முதலில் கேட்பது அதைத்தான்.

கேள்வி (குளுகோர்): அமெரிக்காவில் இருக்கும் என் மகன், அங்கே அரசாங்கமே மருத்துவமனைக்கு வண்டி அனுப்புகிறது என்கிறான். உண்மையா?

பதில்: வசதி குறைந்தவர்களுக்கான மெடிக்கெய்ட் திட்டத்தில் அவசரமற்ற மருத்துவப் பயணமும் சேர்ந்ததுதான். முதியோர், மாற்றுத்திறனாளிகள் பயணத்துக்கென்று 5310 என்ற மானியமும் உண்டு. அதில் கவனிக்க வேண்டியது இது: வண்டி போன்ற முதலீட்டுச் செலவில் 80 விழுக்காடு வரை மத்திய அரசு தரும்; ஓட்டும் செலவில் 50 விழுக்காடுதான். ஓட்டுவதற்குப் பணம் கிடைப்பது அங்கேயும் கடினம் என்பதை அதிலேயே பார்க்கலாம்.

கேள்வி (சிம்பாங் அம்பாட்): எங்களுக்கு மானியம் தர முன்வந்தவர்கள் நோயாளிகளை வரிசையாக நிறுத்தி, பெரிய மாதிரிக் காசோலையோடு படம் எடுக்க வேண்டும் என்கிறார்கள். சம்மதிக்கலாமா?

பதில்: வேண்டாம். டயாலிசிஸ் முடிந்து வெளியே வருபவரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஊசி எடுத்த இடத்தில் பஞ்சை அழுத்தியபடி, சுவரைத் தொட்டுத் தொட்டு நடந்து வருவார். ரத்த அழுத்தம் இறங்கியிருக்கும், முகம் வெளுத்திருக்கும். அவரை வெயிலில் நிறுத்திச் சிரிக்கச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. வேனைப் படம் எடுக்கட்டும், ஓட்டுநரை எடுக்கட்டும், உங்கள் செயலவையை எடுக்கட்டும். படத்துக்குப் பதில் மூன்று மாதத்துக்கு ஒரு முறை பயணக் கணக்கு அனுப்புகிறோம் என்று எழுத்தில் கொடுங்கள். நான் அப்படிச் சொன்ன இடங்களில் பெரும்பாலும் ஒப்புக்கொண்டார்கள். ஒப்புக்கொள்ளாத ஒரு மானியத்தை நாங்கள் விட்டோம். இன்னும் அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

கேள்வி (நிபோங் திபால்): பயணக் கணக்கில் என்ன எழுத வேண்டும்? கிலோமீட்டர் போதுமா?

பதில்: கிலோமீட்டர் ஓட்டுநருக்கு. மானியம் தருபவருக்கு வேண்டியது, யார் சிகிச்சையைத் தவறவிடவில்லை என்பது. எங்கள் வேனில் முன் இருக்கைக்குப் பின்னால் ஒரு நீல அட்டைக் குறிப்பேடு கயிற்றில் தொங்கும். ஒவ்வொரு நாளும் ஓட்டுநர் நான்கு விவரம் எழுதுவார்: ஏறிய நேரம், இறங்கிய நேரம், வராதவர், வராததற்குக் காரணம். கடைசி விவரம் சிவப்பு மையில் இருக்கும். டயாலிசிஸை ஒரு முறை விட்டாலே உடம்பில் நீரும் பொட்டாசியமும் ஏறிவிடும். மூச்சுத் திணறி அவசரப் பிரிவுக்குப் போனவர்கள் உண்டு. சேவை தொடங்கும் முன் மூன்று மாதத்தில் எத்தனை முறை தவறியது என்பதை மையத்தின் தாதியரிடம், நோயாளியின் சம்மதத்தோடு, கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அது இல்லாவிட்டால் பின்னால் எதோடு ஒப்பிடுவீர்கள்?

கேள்வி (சுங்கை பாக்காப்): எனக்கு 68 வயது. பழைய தோட்டத்து லயத்து வீட்டில் இருக்கிறேன். டயாலிசிஸ் காலை 6 மணிக்கு. மகள் தொழிற்சாலையில் இரவு வேலை முடிந்து வந்து என்னை மோட்டாரில் கொண்டுபோய் விடுகிறாள். தூக்கக் கலக்கத்தில் ஓட்டுகிறாள். யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை அம்மா.

பதில்: ஐயா, அடுத்த முறை போகும்போது மையத்தின் தலைமைத் தாதியிடம் இதை அப்படியே சொல்லுங்கள். பெரிய மருத்துவமனையில் உங்களைப் பார்க்கும் மருத்துவரிடம், மருத்துவ சமூகப் பணியாளருக்கு ஒரு கடிதம் கேளுங்கள். அடையாள அட்டை நகல், ஓகேயு (மாற்றுத்திறனாளி) அட்டை இருந்தால் அதன் நகல், மகளின் சம்பளச் சீட்டு, மையத்தின் நேர அட்டை ஆகிய நான்கையும் ஓர் உறையில் போட்டு வையுங்கள். உங்கள் பக்கத்திலிருந்து அதே நேரத்துக்கு வேறு யாரெல்லாம் வருகிறார்கள் என்றும் கேட்டு வையுங்கள். மூன்று பேர் இருந்தால் வண்டி திருப்புவது எளிது. திரும்பும்போது மோட்டாரின் பின்னால் உட்காராதீர்கள், தலை சுற்றும். எங்கள் வேன் செவ்வாய், வியாழன், சனிகளில் சிம்பாங் அம்பாட் வரை வருகிறது. இன்னும் சில கிலோமீட்டர் நீட்ட முடியுமா என்று ஓட்டுநரிடம் இன்று மாலையே பேசுகிறேன். மகளை இங்கே எனக்குத் தனிச் செய்தி அனுப்பச் சொல்லுங்கள்.