திரெட்கள் (ஒரே நிரலுக்குள் ஒரே நேரத்தில் ஓடும் இயக்க இழைகள்) பல ஓடும்போது இயங்குநிலை மாறிப் பிணைப்பு எப்படிப் பாதுகாக்கப்படுகிறது?

ஒரு மாறிக்குத் தற்காலிக மதிப்பைக் கொடுத்து, அந்தப் பகுதியிலிருந்து அழைக்கப்படும் எல்லாச் செயற்கூறுகளுக்கும் அதுவே தெரியும்படி செய்து, பகுதி முடிந்ததும் பழைய மதிப்பை மீட்பதே இயங்குநிலைப் பிணைப்பு. காமன் லிஸ்ப் என்ற நிரல்மொழியில், எண்களை எந்த அடிமானத்தில் அச்சிட வேண்டும் என்பதைக் குறிக்கும் ப்ரிண்ட்-பேஸ் என்ற மாறியின் வழக்கமான மதிப்பு 10. அதை 16 எனப் பிணைத்தால், 255 என்ற எண் 'எஃப்எஃப்' என அச்சாகும்.

மாறிக்கு ஒரே நினைவிடம் இருந்து, பழைய மதிப்பை அடுக்கில் ஒதுக்கிவைக்கும் முறை, ஒற்றைத் திரெட்டுக்கு மிக வேகமானது. இரண்டாவது திரெட் வந்தாலோ, ஒன்று எழுதிய 16 மற்றதன் கணக்கிலும் புகுந்துவிடும். பூட்டுப் போடுவதும் சரியான தீர்வன்று. பிணைப்பு நீடிக்கும் நேரம் முழுவதும் மற்றவை காத்துக் கிடக்க நேரும்.

ஆகவே எஸ்பிசிஎல் போன்ற காமன் லிஸ்ப் செயலாக்கங்கள் (அம்மொழியை இயக்கும் மென்பொருள்கள்) ஒவ்வொரு திரெட்டுக்கும் தனி அட்டவணை தருகின்றன. மாறியைப் படிக்கும்போது முதலில் அந்தத் திரெட்டின் கட்டம் பார்க்கப்படுகிறது. அங்கே 'மதிப்பு இல்லை' என்ற குறி இருந்தால் மட்டுமே பொது மதிப்பு எடுக்கப்படுகிறது. கடைச் சுவரில் பொதுவான விலைப்பலகை தொங்க, ஒரு விற்பனையாளர் தம் மேசையில் மட்டும் தள்ளுபடி விலையைச் சீட்டில் ஒட்டிக்கொள்வதைப் போன்றது இது. பிழையால் பாதியில் வெளியேறினாலும் சீட்டு கிழிக்கப்பட்டாக வேண்டும்; செயலாக்குபவர் மிகவும் கவனிக்க வேண்டிய இடம் இதுதான்.

பிணைப்பு தனியானது என்பதால் அது சுட்டும் பொருளும் தனியானது என்று பலர் எண்ணுகின்றனர். இரு திரெட்கள் ஒரே பட்டியலைப் பிணைத்து அதன் உள்ளடக்கத்தை மாற்றினால், மோதல் அப்படியே இருக்கும்.